மூன்று பிபி மாத்திரைக்கும் இறங்காத ரத்த அழுத்தம், நடுராத்திரியில் நின்றுபோகும் மூச்சு: இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

#1 நிலாமுற்றம்

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிக்க மட்டும்தான் வருவேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் கணவருக்கு 46 வயது. எட்டு மாதமாக பிபிக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஒன்றில் ஆரம்பித்து இப்போது மூன்று, அதில் ஒன்று நீர் பிரிய வைக்கும் மாத்திரை. உப்பைக் குறைத்தாயிற்று. மாத்திரையை ஒருநாள்கூட விட்டதில்லை, நானே எடுத்துக் கொடுக்கிறேன். அப்படியும் காலையில் பார்த்தால் 156/100, 160/102 என்றுதான் நிற்கிறது. போன மாதம் எக்கோ எடுத்ததில் இதயத்தின் இடது கீழறைச் சுவர் கொஞ்சம் தடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள்.

நான் கேட்க வந்தது அவருடைய தூக்கத்தைப் பற்றி. குறட்டை கல்யாணமான நாளிலிருந்தே உண்டு, எனக்கும் பழகிவிட்டது. ஆனால் இந்த ஒன்றிரண்டு வருடமாகக் குறட்டை நடுவில் சட்டென்று அறுந்துவிடுகிறது. சத்தமே இல்லை. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கப் பார்க்கிறது, காற்று போவதாகத் தெரியவில்லை. அப்புறம் தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவர் மாதிரி ஒரு பெரிய இழுப்பு, உடம்பே குலுங்கும், மறுபடி குறட்டை. முந்தாநாள் தூக்கம் வராமல் படுத்திருந்தபோது மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஒருமுறை 32 வரை போனது. அடுத்தது 27. அதற்கடுத்தது 41, அப்போது பயந்துபோய்த் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். "என்ன?" என்றார், உடனே திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார். காலையில் கேட்டால் ஒன்றுமே நினைவில்லை, நன்றாகத்தானே தூங்கினேன் என்கிறார்.

ராத்திரியில் மூன்று தடவையாவது சிறுநீர் கழிக்க எழுந்துகொள்கிறார். நீர் மாத்திரையைக் காலையில்தான் சாப்பிடுகிறார். சர்க்கரை இல்லை, புராஸ்டேட்டும் சரியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டார்கள். பிபி பார்க்கும் மருத்துவரிடம் மூச்சு நிற்பதைச் சொன்னேன். குறட்டை பாதிப் பேருக்கு உண்டு, பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு நான்காவது மாத்திரை எழுதினார். எனக்கு மனசு கேட்கவில்லை. இந்த மூச்சு நிற்பதால் இதயத்துக்கு ஏதாவது ஆகுமா? இல்லை, நான்தான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா?

#2 பழைய ரேடியோ

சகோதரி, தேவையில்லாத பயம் இல்லை. நீங்கள் எழுதியதை வாசித்தபோது என் மனைவி ஆறு வருடம் முன்னால் சொன்னது அப்படியே காதில் கேட்டது. எனக்கும் மூன்று மாத்திரை, எனக்கும் இறங்காத பிபி, நானும் நன்றாகத்தான் தூங்குகிறேன் என்று சாதித்தேன். இரவு முழுக்கத் தூக்கத்தைக் கருவிகளால் கண்காணிக்கும் ஸ்லீப் ஸ்டடி எடுத்ததில் மணிக்கு 52 தடவை மூச்சு தடைப்படுகிறது என்று வந்தது. அதாவது ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை, இரவு முழுக்க. இதற்குப் பெயர் ஸ்லீப் ஆப்னியா. தொண்டைத் தசைகள் தூக்கத்தில் தளர்ந்து காற்றுப் பாதையை மூடிவிடுகின்றன.

முதலில் ஒன்று செய்யுங்கள். அவர் மூச்சு நின்று திரும்ப வருவதைக் கைபேசியில் மூன்று நான்கு நிமிடம் வீடியோ எடுங்கள். வெளிச்சம் தேவையில்லை, சத்தம் பதிவானால் போதும். "குறட்டை விடுகிறார்" என்று சொன்னால் எந்த மருத்துவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். "41 விநாடி மூச்சே இல்லை, இதோ கேளுங்கள்" என்றால் நிமிர்ந்து உட்காருவார். என் விஷயத்தில் அதுதான் நடந்தது.

#3 இரவுப்பணி

நான் ஸ்லீப் லேபில் டெக்னீஷியன், 11 வருடமாக இரவில் மற்றவர்கள் தூங்குவதைத் திரையில் பார்ப்பதுதான் என் வேலை. மருத்துவர் இல்லை, அதனால் சிகிச்சை எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் 41 எண்ணிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் உள்ளே என்ன நடந்திருக்கும் என்பதைச் சொல்ல முடியும். தினமும் பார்க்கிறேன்.

திரையில் ஏறக்குறைய ஒரு டஜன் கோடுகள் ஓடும். மூக்கு வழியாகப் போகும் காற்றுக்கு ஒன்று, நெஞ்சு அசைவுக்கு ஒன்று, வயிற்று அசைவுக்கு ஒன்று, மூளை அலை, கண், தாடைத் தசை, ஈசிஜி, ஆக்சிஜன். மூச்சு அடைபட்டவுடன் காற்றுக் கோடு தட்டையாகிவிடும். ஆனால் நெஞ்சும் வயிறும் நிற்காது. உடம்பு மூச்சை இழுக்கத்தான் பார்க்கிறது, வாசல்தான் மூடியிருக்கிறது. அதனால் நெஞ்சு மேலே போகும்போது வயிறு உள்ளே போகும், இரண்டு கோடும் எதிரெதிர்த் திசையில் ஆடும். நீங்கள் பார்த்த "நெஞ்சு ஏறி இறங்கப் பார்க்கிறது" அதுதான். கொஞ்ச நேரம் கழித்து ஆக்சிஜன் எண் இறங்க ஆரம்பிக்கும், 95, 91, 86, 80. விரலில் இருக்கும் கருவிக்கு அந்த ரத்தம் வந்து சேர நேரம் ஆவதால் சில சமயம் மூச்சு திரும்பிய பிறகும் எண் இறங்கிக்கொண்டே இருக்கும். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

கடைசியில் மூளை பயந்து விழிக்கிறது. முழு விழிப்பு இல்லை, சில விநாடி விழிப்பு, காலையில் நினைவிருக்காது. தொண்டைத் தசை இறுகிக் காற்றுப் பாதை திறக்கிறது, அந்தப் பெரிய இழுப்பு வருகிறது. அந்த நொடியில் ஈசிஜியைப் பார்க்க வேண்டும். அடைப்பின்போது மெதுவாகத் துடித்துக்கொண்டிருந்த இதயம் சட்டென்று ஓட ஆரம்பிக்கும். யாரோ துரத்தும்போது உடம்பில் சுரக்கும் அதே அட்ரினலின், அதே நரம்பு முறுக்கம். ரத்தக் குழாய்கள் இறுகும், பிபி எகிறும். இது ஒருமுறை என்றால் ஒன்றுமில்லை. மணிக்கு 40, 50 தடவை, ஏழு மணி நேரம், வருடக்கணக்கில் என்றால் அந்த முறுக்கம் பகலிலும் இறங்காமல் நின்றுவிடுகிறது. தூங்கும்போது பிபி பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும், அதுதான் ரத்தக் குழாய்க்கும் இதயத்துக்கும் கிடைக்கும் ஓய்வு. இவர்களுக்கு அந்த இறக்கமே பெரும்பாலும் கிடைப்பதில்லை. காலை பிபி அதிகமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அடைபட்ட தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் வெற்றிடம் மாதிரி ஒரு உறிஞ்சல் உண்டாகிறது. அந்த உறிஞ்சல் நுரையீரலை மட்டும் இழுப்பதில்லை, இதயத்தின் மெல்லிய மேலறைச் சுவர்களையும் வெளிப்பக்கமாக இழுக்கிறது. இடது கீழறை அந்த இழுப்புக்கு எதிராக ரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது, அதற்குக் கூடுதல் பலம் வேண்டும். கூடுதல் வேலை பார்க்கும் தசை தடிக்கும். பிபியாலும் அது தடிக்கும், இந்த உறிஞ்சலும் அதோடு சேர்ந்துகொள்கிறது.

அவர் ராத்திரி எழுந்து போவதும் இதனோடு சேர்ந்ததாக இருக்கலாம். மேலறை இழுபட்டு விரியும்போது, உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று இதயம் தப்பாக எடுத்துக்கொண்டு, நீரை வெளியேற்றச் சொல்லும் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுநீரகம் அதற்குக் கீழ்ப்படிகிறது. சர்க்கரையும் புராஸ்டேட்டும் சரியாக இருந்தும் இரவில் மூன்று தடவை எழுந்தால், மூச்சைப் பற்றி ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்.

#4 நிலாமுற்றம்

சிறுநீர் விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இதற்காக ஒரு வருடமாக மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்காதீர்கள் என்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். தாகத்தோடு படுத்திருக்கிறார் மனிதர்.

வீடியோ எடுத்துவிட்டேன். 4 நிமிடத்தில் ஐந்து தடவை நிற்கிறது. அவரிடம் காட்டினேன். முதலில் இது நானா என்றார், அப்புறம் ஒன்றும் பேசவில்லை. இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டார்.

#5 மெய்யப்பன் 68

அம்மா, நான் இதயப் பக்கத்திலிருந்து வந்தவன், அதாவது நோயாளியாக. எனக்கு ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன், சுருக்கமாக ஏஃபிப். மேலறை ஒழுங்காகத் துடிக்காமல் புழு நெளிவதுபோல நடுங்கும். நாடி தாறுமாறாக ஓடும், சில நாள் நெஞ்சுக்குள் மீன் துள்ளுவது மாதிரி இருக்கும். இரண்டு தடவை மின் அதிர்ச்சி கொடுத்து ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள், இரண்டு தடவையும் சில மாதத்தில் திரும்பிவிட்டது. மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர்தான் கேட்டார், உங்கள் வீட்டில் யாராவது உங்கள் குறட்டையைப் பற்றிக் குறை சொல்கிறார்களா என்று. அந்த ஒரு கேள்விக்கு நான் மூன்று வருடம் காத்திருந்தேன்.

மேலே தம்பி சொன்ன மேலறை இழுபடுவது இருக்கிறதே, அதுதான் ஏஃபிப்புக்கு நிலம் உழுது வைக்கிறது. இழுபட்டு இழுபட்டு மேலறை பெரிதாகி, தசைக்குள் தழும்பு விழுந்து, மின்சாரம் தப்பான வழியில் சுற்ற ஆரம்பிக்கிறது. 2003இல் வந்த ஒரு ஆய்வில், மின் அதிர்ச்சிக்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் ஏஃபிப் திரும்பியவர்கள், ஆப்னியாவுக்குச் சிகிச்சை எடுக்காதவர்களில் 82 சதவீதம், எடுத்தவர்களில் 42 சதவீதம். சின்ன ஆய்வுதான், சிகிச்சை எடுத்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். ஆனாலும் என் கதை அதில் எழுதியிருந்தது மாதிரி இருந்தது எனக்கு.

அமெரிக்க இதயக் கூட்டமைப்பு 2021இல் வெளியிட்ட அறிக்கையையும் சொல்ல வேண்டும். உயர் ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, ஏஃபிப், பக்கவாதம் மாதிரி நோய்கள் உள்ளவர்களில் 40 முதல் 80 சதவீதம் பேருக்கு இந்த ஆப்னியா இருக்கிறது, ஆனால் கண்டுபிடிக்கப்படாமலும் சிகிச்சை இல்லாமலும் கிடக்கிறது என்கிறார்கள். மாத்திரைக்கு அடங்காத பிபி உள்ளவர்களையும், திரும்பத் திரும்ப ஏஃபிப் வருபவர்களையும் இதற்காகச் சோதிக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

#6 கேள்விக்குறி

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் இதைச் சொல்லத் தோன்றுகிறது. ஆப்னியா இருப்பவர்களுக்கு இதய நோய் அதிகம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இதற்கான சிகிச்சையாக, மூச்சுப் பாதையைக் காற்றழுத்தத்தால் திறந்து வைக்கும் சிபாப் மெஷினை இரவில் மாட்டினால் மாரடைப்பு குறையும் என்பது நிரூபிக்கப்படவில்லை, அதை மறைக்கக் கூடாது.

2016இல் சேவ் என்ற பெரிய ஆய்வு வந்தது. ஏற்கனவே இதய நோயோ மூளை ரத்தக்குழாய் நோயோ இருந்த 2717 பேர், மிதமான அல்லது கடுமையான ஆப்னியா உள்ளவர்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு இந்த மெஷின், மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். சராசரியாக 3.7 வருடம் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் எதிலும் இரண்டு பக்கத்துக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. ஐயா சொன்ன ஏஃபிப் விஷயத்திலும், யாருக்கு மெஷின், யாருக்கு இல்லை என்று குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்த பிற்கால ஆய்வுகள் எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. என் அண்ணன் இந்த மெஷினை நம்பி பிபி மாத்திரையை அவராகவே நிறுத்தினார். என்ன ஆனது என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. அதனால்தான் சொல்கிறேன், மெஷின் வந்துவிட்டது என்று மாத்திரையை விடாதீர்கள்.

#7 இரவுப்பணி

கேள்விக்குறி, உங்கள் அண்ணனைப் பற்றி எழுதியது வருத்தமாக இருந்தது. மாத்திரையை விடக் கூடாது என்பதை நானும் அழுத்திச் சொல்கிறேன். மெஷின் பிபியைக் குறைப்பது சராசரியாக 2, 3 புள்ளிதான். கட்டுப்படாத பிபி உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கலாம், அவ்வளவுதான். மாத்திரையின் இடத்துக்கு அது வராது.

ஆனால் சேவ் ஆய்வின் இன்னொரு எண்ணையும் சொல்ல வேண்டும். அதில் மெஷினை மாட்டியவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான் மாட்டினார்கள். மீதி இரவு முழுக்க மூச்சு பழையபடி அடைபட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். லேபில் இருப்பவனாக எனக்கு இது பெரிய விஷயம். ஏனென்றால் கனவு வரும் தூக்கம் இரவின் பின்பாதியில்தான் அதிகம், அந்தத் தூக்கத்தில் தசைகள் முழுவதுமாகத் தளர்வதால் பெரும்பாலும் அப்போதுதான் அடைப்பு நீளம், ஆக்சிஜன் இறக்கமும் ஆழம். பதினோரு மணிக்கு மாட்டி இரண்டு மணிக்குக் கழற்றிப் போடுபவர் மோசமான நேரத்தை மெஷின் இல்லாமல் தாண்டுகிறார். தவிர, பகலில் கடுமையாகத் தூங்கி வழிபவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை, அவர்களை மெஷின் இல்லாமல் விடுவது நியாயமில்லை என்பதால்.

2023இல் மூன்று ஆய்வுகளின் தரவைச் சேர்த்து, 4186 பேரை வைத்துத் திரும்பக் கணக்கிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் அப்போதும் வித்தியாசம் இல்லை. ஆனால் இரவுக்கு நான்கு மணி நேரமாவது மாட்டியவர்களுக்கு மறுபடி இதயப் பாதிப்போ பக்கவாதமோ வரும் அபாயம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைவாக இருந்தது.

#8 கேள்விக்குறி

அந்த 2023 கணக்கைப் படித்திருக்கிறேன். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மெஷினை ஒழுங்காக மாட்டுபவர் மாத்திரையையும் ஒழுங்காகச் சாப்பிடுவார், நடப்பார், புகை பிடிக்க மாட்டார். நன்மை மெஷினால் வந்ததா அந்த ஒழுங்கால் வந்ததா என்று எப்படிப் பிரிப்பது? ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், 3.3 மணி நேரத்தை வைத்து மெஷின் பயனில்லை என்றும் சொல்லிவிட முடியாது. சேவ் ஆய்விலேயே பகல் தூக்கமும் மனச்சோர்வும் குறைந்தன என்றும் இருக்கிறது, முன்னால் நான் அதைச் சொல்லாமல் விட்டது சரியில்லை. சகோதரி, அவர் சோதனை எடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

#9 தேனருவி

பெண்களும் இந்த இழையைப் படிப்பீர்கள் என்று எழுதுகிறேன். எனக்கு 54. நான் குறட்டை விடுவதாக யாரும் சொன்னதில்லை, சொல்ல ஆளும் இல்லை, தனியாகத்தான் படுக்கிறேன். எனக்கு இருந்ததெல்லாம் தூக்கம் பிடிக்காமை, காலையில் தலைவலி, எழுந்தவுடனே அடித்துப் போட்ட மாதிரி சோர்வு. தைராய்டு பார்த்தார்கள், ரத்தசோகை பார்த்தார்கள், மாதவிடாய் நின்றதால்தான் என்றார்கள், கடைசியில் மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு வருடம் சாப்பிட்டேன். ஒரு நாள் படபடப்பு என்று போனபோது 24 மணி நேர ஈசிஜி மாட்டினார்கள். அதில் இதயம் விடியற்காலை 3 மணியிலிருந்து 5 மணி வரை மெதுவாகவும் வேகமாகவும் மாறி மாறி ஓடியிருந்தது. அந்தக் காகிதத்தைப் பார்த்த இளம் மருத்துவர் ஒருவர்தான், தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று சந்தேகப்பட்டார்.

மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இது அதிகமாகிறது. ஆண்கள் மாதிரி வீடு அதிரும் குறட்டையாக வராமல், சோர்வாகவும் தூக்கமின்மையாகவும்தான் பலருக்கு வெளியே தெரிகிறது. பருமனாக இருந்தால்தான் வரும் என்பதும் முழுக்கச் சரியில்லை, நான் ஒல்லிதான், என் தாடை உள்வாங்கியது. தனியாகப் படுப்பவர்கள் கைபேசியில் ஒரு இரவு முழுக்க ஒலிப்பதிவு போட்டுவிட்டுத் தூங்குங்கள். நான் என் சத்தத்தை முதல் தடவை கேட்டபோது யாரோ மூழ்குகிறார்கள் என்று தோன்றியது.

#10 குமரன் ஆர்

ஒரு எச்சரிக்கை. என் அப்பாவுக்கு இதயம் பலவீனம், பம்ப் செய்யும் திறன் 30 சதவீதம்தான். அவருக்கும் தூக்கத்தில் மூச்சு நிற்கும், ஆனால் நீங்கள் சொல்லும் மாதிரி இல்லை. மூச்சு மெல்ல மெல்லப் பெரிதாகும், அப்புறம் மெல்ல மெல்லச் சின்னதாகும், அப்புறம் ஒன்றுமே இருக்காது, நெஞ்சுகூட அசையாது. அலை மாதிரி, நிமிடத்துக்கு ஒரு அலை. தொண்டை அடைபடுவதில்லை, மூச்சு விடச் சொல்லி மூளையிலிருந்து கட்டளையே வருவதில்லை. இதற்கு சென்ட்ரல் ஆப்னியா என்று பெயர். இங்கே தூக்கம் இதயத்தைக் கெடுப்பதைவிட, பலவீனமான இதயம் மூச்சைக் குழப்புகிறது என்பதுதான் சரி.

உறவினர் ஒருவர் தன் மெஷின் சும்மா கிடக்கிறது, அப்பாவுக்கு மாட்டுங்கள் என்று கொடுத்தார். நல்ல மனதுதான். ஆனால் எங்கள் மருத்துவர் பதறிவிட்டார். ஒவ்வொரு மூச்சுக்கும் அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஏஎஸ்வி வகை மெஷின் அது. இதயத் திறன் 45 சதவீதத்துக்குக் கீழே இருந்து சென்ட்ரல் ஆப்னியா உள்ளவர்களுக்கு அதை மாட்டிப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது, மெஷின் மாட்டியவர்களில் இதய மரணம் அதிகமாக இருந்தது. ஒருவருக்கு உயிர் காப்பது இன்னொருவருக்கு ஆகாது. எந்த வகை ஆப்னியா என்று தெரியாமல் யாருடைய மெஷினையும் இரவல் வாங்காதீர்கள்.

#11 இழைக் காவலர்

ஒரு குறிப்பு மட்டும். நெஞ்சு வலி, மயக்கம், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, படுத்தால் மூச்சு முட்டுவது என்று எதுவும் இருந்தால் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். மற்றபடி பேச்சு நல்லபடியாகப் போகிறது, தொடருங்கள்.

#12 நிலாமுற்றம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். வேறு ஒரு இதய மருத்துவரிடம் போனோம். வீடியோவை முழுவதுமாகக் கேட்டார், உடனே ஸ்லீப் ஸ்டடிக்கு எழுதிக் கொடுத்தார்.

மூச்சு தடைப்படுவது மணிக்கு 47 தடவை. ஐந்துக்குக் கீழே இருந்தால் சாதாரணம், 30க்கு மேல் போனால் கடுமையானது என்றார்கள். மிக நீளமான அடைப்பு 68 விநாடி. ஆக்சிஜன் குறைந்தபட்சம் 71 சதவீதம். அறிக்கையில் ஒரு பக்கம் முழுக்க ஆக்சிஜன் கோடு போட்டிருந்தது, இரவு 11லிருந்து காலை 5.30 வரை. நேர்க்கோடாக இருக்க வேண்டியது, பல் நெருக்கமான சீப்பைக் கவிழ்த்து வைத்தது மாதிரி இருந்தது. இடையில் 20 நிமிடம் மட்டும் கோடு சமமாக இருந்தது, அப்போது விழித்துக்கொண்டு படுத்திருந்தாராம். தொண்டை அடைபடும் வகைதான், சென்ட்ரல் இல்லை. குமரன் தம்பி எழுதியதால்தான் அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன், நன்றி.

அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகு எனக்கு இன்னொரு பயம் பிடித்துவிட்டது. தூக்கத்திலேயே ஏதாவது ஆகிவிடுமா? நான்கு நாளாக நான் சரியாகத் தூங்கவில்லை. மெஷின் வர இன்னும் ஒரு வாரம் ஆகும்.

#13 மெய்யப்பன் 68

அம்மா, நீங்கள் நேராகக் கேட்டதால் நேராகவே சொல்கிறேன். திடீர் இதய மரணம் பொதுவாகக் காலை எழுந்த பிறகான மணி நேரங்களில்தான் அதிகம். ஆனால் 2005இல் வந்த ஒரு ஆய்வில், ஆப்னியா இருந்தவர்களில் நடந்த திடீர் மரணங்களில் 46 சதவீதம் நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் நடுவில் நடந்திருந்தன. ஆப்னியா இல்லாதவர்களில் அது 21 சதவீதம். இது, இறந்தவர்களில் எத்தனை பேர் எந்த நேரத்தில் இறந்தார்கள் என்ற கணக்குதான். உங்கள் வீட்டுக்காரருக்கு இந்த வாரம் ஏதாவது ஆகிவிடும் என்று அர்த்தமே இல்லை. இத்தனை வருடமாக இதோடுதான் இருந்திருக்கிறார், இப்போது கண்டுபிடித்துவிட்டீர்கள்.

இந்த ஒரு வாரத்துக்கு அவரை மல்லாந்து படுக்க விடாதீர்கள், ஒருக்களித்துப் படுக்கட்டும், முதுகுக்குப் பின்னால் தலையணை வையுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் அறவே கூடாது, தூக்க மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது, இரண்டும் தொண்டையை இன்னும் தளர்த்திவிடும். பகலில் கண் சொருகினால் வண்டி ஓட்டக் கூடாது. அப்புறம் நீங்களும் தூங்க வேண்டும் அம்மா.

#14 பழைய ரேடியோ

மெஷின் வந்ததும் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் ஆரம்பத்திலேயே விட்டுவிடுகிறார்கள். 1981இல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இந்த முறையைக் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் கடுமையான ஆப்னியாவுக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் வழி. மெஷின் செய்வது ஒன்றே ஒன்றுதான், மூக்கு வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தில் தள்ளித் தொண்டை மூடாமல் பிடித்து வைக்கிறது. தூணுக்கு முட்டுக் கொடுப்பது மாதிரி.

முதல் நாள் இரவு மாட்டியவுடன் மூச்சு முட்டுவது மாதிரி இருக்கும், கழற்றி எறியத் தோன்றும். அதனால் முதலில் பகலில், உட்கார்ந்து ஏதாவது படிக்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகச் சொல்லுங்கள். அழுத்தம் மெதுவாக ஏறும்படி வைக்கும் வசதி இருக்கும், அதைப் போட்டு வையுங்கள். மூக்கு வறண்டு எரிந்தால் ஈரப்பதம் கொடுக்கும் தொட்டி உண்டு. மாஸ்க் அளவு சரியில்லை என்றால் வெட்கப்படாமல் மாற்றிக் கேளுங்கள், எனக்கு மூன்றாவதுதான் பொருந்தியது. வாய் திறந்து தூங்குபவர் என்றால் மூக்குக்கு மட்டும் மாட்டுவது சரிவராமல் போகலாம்.

எடை அதிகம் இருந்தால் குறைக்கக் குறைக்க இதுவும் குறையும். எடை குறைக்கும் டிர்செபடைட் ஊசியை, உடல் பருமனோடு மிதமான அல்லது கடுமையான ஆப்னியா உள்ளவர்களுக்கு அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அனுமதித்தார்கள். மிதமான நிலை வரைக்கும், மெஷின் ஒத்துவராதவர்களுக்கும், கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கும் பல் கருவியும் உண்டு. ஆனால் 47 என்றால் முதலில் மெஷின்தான்.

#15 நிலாமுற்றம்

மெஷின் வந்து ஐந்து வாரம் ஆகிறது.

முதல் இரவு ஒன்றரை மணி நேரம், இரண்டாம் இரவு இரண்டு மணி நேரம். ரேடியோ அண்ணா சொன்னபடி மாலையில் கணக்குப் பார்க்கும்போது மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பத்தாம் நாள் முழு இரவும் தூங்கினார். அன்று எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அறை அவ்வளவு அமைதியாக இருந்தது, மெஷினின் மெல்லிய காற்றுச் சத்தம் மட்டும். பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தேன், நான்கு எண்ணுவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிட்டது. மறுபடி எண்ணினேன், மறுபடியும் நான்கு. எவ்வளவு நேரம் அப்படிப் படுத்திருந்தேன் என்று தெரியாது, அழுகையாக வந்தது.

இப்போது சராசரி ஆறேகால் மணி நேரம், மெஷினே கணக்கு காட்டுகிறது. மணிக்கு 47 என்பது 3 ஆகியிருக்கிறது. இரவில் எழுந்து போவது நின்றுவிட்டது, எப்போதாவது ஒருமுறை. இப்போது மாலையில் தண்ணீர் குடிக்கிறார். பிபி 142/92இல் இருக்கிறது, மாத்திரை எதையும் குறைக்கவில்லை, கேள்விக்குறி அண்ணா எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஆறு மாதம் கழித்துத் திரும்ப எக்கோ எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரே ஒரு பிரச்சினை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தலையணை மாஸ்க்கைத் தள்ளி, ஓரத்தில் காற்று கசிந்து கண்ணில் அடிக்கிறது. வாரை இறுக்கினால் கன்னத்தில் தழும்பு விழுகிறது. என்ன செய்யலாம்?

#16 இரவுப்பணி

வாரை இறுக்காதீர்கள் அக்கா, இறுக்கினால் மாஸ்க்கின் மெத்தை மடிந்து இன்னும் கசியும். அவர் படுத்த பிறகு, மெஷின் ஓடும்போது, மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரல் அளவு முன்னால் இழுத்து, காற்று நிரம்பியதும் மெதுவாக விடுங்கள், மெத்தை தானாகப் பொருந்திக்கொள்ளும். தலையணையின் விளிம்பில் கன்னம் மட்டும் படும்படி, மாஸ்க் விளிம்புக்கு வெளியே நிற்கும்படி படுக்கச் சொல்லுங்கள். மெத்தையை தினமும் காலையில் மென்மையான சோப்பால் கழுவுங்கள், முகத்து எண்ணெய் படிந்தாலும் வழுக்கிக் கசியும். அப்படியும் நிற்கவில்லை என்றால் ஒரு அளவு சின்ன மாஸ்க் கேட்டுப் பாருங்கள்.